கடலோர மேசைக்குக் கீபோர்டு ட்ரே: நான்கைந்து ஆண்டு ஓட்டத்தின் கணக்கு

மேசைக்கு அடியில் மாட்டி, வேண்டும்போது முன்னால் இழுத்துக்கொள்ளும் கீபோர்டு ட்ரேயை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பலகையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மேல் பளபளப்பு, ஜெல் வைத்த மணிக்கட்டுத் திண்டு, மவுஸுக்குத் தனி வட்டம் இவையெல்லாம் கண்ணை இழுக்கும். ராமேசுவரம் தீவிலும், மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் கடலை ஒட்டி மேசை போட்டிருப்பவர்களுக்குப் பலகை இரண்டாம்பட்சம்தான். பலகையை எந்த ஆசாரியும் ஒரு பொழுதில் அறுத்துக் கொடுத்துவிடுவார். அதைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடுகிற சேனலுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். சேனல் இறுகிவிட்டால் எவ்வளவு நல்ல பலகையும் மேசைக்கு அடியில் தொங்கும் சுமைதான்.

பில்லிங் மேசை, டைப்பிங் மேசை, இ-சேவை மேசை என்று தினமும் ஆறேழு மணி நேரம் கை படுகிற இடங்களில் மூன்று ரக ட்ரேக்கள் எப்படி ஓடின, எங்கே நின்றன என்பதே இங்கே எழுதியிருப்பது. வாங்கிய வாரத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் ஓடும். வித்தியாசம் தெரிய ஒரு வாடைக்காலமாவது கடந்திருக்க வேண்டும்.

முதலில் டேப். கடைக்குப் போவதற்கு முன்னால் அளக்க வேண்டியது மேசையை இல்லை, ஆளை. வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமான செருப்போடு அல்லது வெறுங்காலோடு, பாதம் முழுக்கத் தரையில் படும்படி உட்காருங்கள். தோளைத் தூக்காமல் தளர விட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையைத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். இன்னொருவர் தரையிலிருந்து முழங்கையின் அடிப்பாகம் வரை அளக்கட்டும். தானே குனிந்து அளந்தால் தோள் சாய்ந்து இரண்டு மூன்று செ.மீ. பிசகும். கீபோர்டின் நடு வரிசைச் சாவிகள் அந்த உயரத்தில் இருக்க வேண்டும், இல்லை ஒரு விரல்கடை கீழே இருக்கலாம். மேலே இருக்கக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்தடி ஓரங்குலம் உயரமுள்ள பெண், 42 செ.மீ. உயர நாற்காலி. முழங்கை உயரம் சுமார் 63 செ.மீ. வரும். நம் ஊரில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். கீபோர்டு கனம் இரண்டரை செ.மீ. சேர்த்தால் சாவி 77.5-ல் நிற்கிறது. கை இருக்க வேண்டிய இடத்துக்கு 14.5 செ.மீ. மேலே. நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி அடிப்பதால்தான் சாயங்காலம் பிடரி இறுகுகிறது. ஆறடி ஆளுக்கு இந்த வித்தியாசம் ஐந்தாறு செ.மீ.தான் வரும். அவர் நாற்காலியை ஏற்றிக்கொண்டு காலடியில் ஒரு மணைப்பலகை போட்டால் போதும், ட்ரேயே தேவையில்லை.

அந்தப் பெண்ணுக்கு ட்ரேயின் மேல்பரப்பு 60.5 செ.மீ.யில் வர வேண்டும். நாற்காலி 42, அதன்மேல் தொடையின் கனம் சுமார் 14, ஆக 56 செ.மீ. வரை தொடை இருக்கிறது. மிஞ்சுவது நாலரை செ.மீ. இதற்குள் பலகையின் கனமும் அடங்கி, தொடைக்கும் பலகைக்கும் இடையே காற்றும் புக வேண்டும். 12 மி.மீ. பலகை போட்டால் மூன்று செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் இடைவெளி கிடைக்கும், போதும். அடியில் நான்கு செ.மீ. கனத்துக்கு இரும்பு அமைப்பு தொங்கும் ட்ரேயாக இருந்தால் தொடையில் இடிக்கும். இடித்தால் ஆள் நாற்காலியை இறக்குவார், முழங்கையும் இறங்கும், பழைய தொல்லை திரும்பி வந்துவிடும். அட்டைப்பெட்டியில் பலகையின் நீள அகலம் மட்டும்தான் போட்டிருப்பார்கள். அடிப்பக்கம் மொத்தம் எவ்வளவு தொங்குகிறது என்பதைக் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் சேனல் செட்டுகளின் குறையும் இந்த உயரத்தில்தான் இருக்கிறது. மேசை அடியிலிருந்து ஆறேழு செ.மீ. மட்டும் இறங்கும்படி பிராக்கெட் வைத்திருப்பார்கள். 75 செ.மீ. மேசையில் பலகைக் கனம் 1.8 போக, 7 செ.மீ. இறங்கினால் ட்ரே 66-ல் நிற்கும், சாவி 68.5-ல். முழங்கையோ 63-ல். மேசையிலிருந்து கை இறங்கியது போலத் தோன்றும், ஆனால் இன்னும் ஐந்தரை செ.மீ. மிச்சம் இருக்கும். "ட்ரே போட்டும் தோள்வலி போகவில்லை" என்று சொல்கிறவர்களின் மேசையை அளந்தால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் வரும்.

அளக்கும்போது நாற்காலியின் கையையும் சேர்த்து அளங்கள். நம் பக்கம் பாதிப் பேர் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருகிறோம். அதன் கை ட்ரேயின் அடிப்பாகத்தைவிட உயரமாக இருந்தால் நாற்காலி உள்ளே நுழையாது. ஆள் முன்னால் எக்கித்தான் அடிக்க வேண்டியிருக்கும். கை இல்லாத நாற்காலிக்கு மாறுவது ட்ரேயை மாற்றுவதைவிடச் சுலபம்.

அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. நம்பர் பகுதியோடு கூடிய முழுக் கீபோர்டு சுமார் 44, 45 செ.மீ. மவுஸ் நகர 20 முதல் 22 வேண்டும். ஆக 66, 68 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். 50 செ.மீ. ட்ரேயில் கீபோர்டு மட்டும் இறங்கும், மவுஸ் மேசை மேலேயே நின்றுவிடும். அப்போது இடது கை கீழே, வலது கை மேலே. ஒரு தோள் மட்டும் நாள் முழுக்கத் தூக்கிய நிலையில் இருப்பது இரண்டு தோளும் தூக்கியிருந்ததைவிட மோசம். இடம் இல்லையென்றால் நம்பர் பகுதி இல்லாத 36 செ.மீ. கீபோர்டை வாங்கி, தனி நம்பர் பேடை இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். மீன் கம்பெனிக் கணக்கு போல எண்ணே அதிகம் அடிக்கிறவர்களுக்கு இடது கைப் பழக்கம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வந்துவிட்டால் வலது கை மவுஸோடு நிம்மதியாக இருக்கும்.

கீபோர்டை ட்ரேயின் நடுவில் வைக்காதீர்கள், ஆளின் நடுவில் வையுங்கள். தமிழ்99 அடிப்பவர்களுக்கு அடையாளம் சுலபம். எ சாவியும் க சாவியும் சேரும் கோடு தொப்புளுக்கு நேராக இருக்க வேண்டும். மேடு வைத்த புள்ளிச் சாவியும் ப சாவியும் அதற்கு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிடும். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் மாறி மாறி வரும் விசைப்பலகை அது. ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் ஒரு மணிக்கட்டு மட்டும் வெளிப்பக்கம் வளைந்தே இருக்கும்.

சரிவு பற்றி ஒரு தவறான பழக்கம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. கீபோர்டின் பின்னால் இருக்கும் இரண்டு குட்டிக் காலை எடுத்தவுடன் விரித்துவிடுகிறோம். அது மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குகிறது. வேண்டியது அதற்கு நேர் எதிர்: முன்பக்கம் சற்று உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த சரிவு. விலை கூடிய ட்ரேயில் இதற்கென்று திருகு இருக்கும். சாதாரணச் சேனல் ட்ரேயிலும் செலவில்லாமல் செய்யலாம். கீபோர்டின் ஆழம் சுமார் 15 செ.மீ. அதன் முன்விளிம்புக்கு அடியில் ஒன்றரை செ.மீ. கன ரப்பர் பட்டையை ஒட்டினால் கிட்டத்தட்ட 6 டிகிரி சரிவு வரும். இரண்டு செ.மீ. கொடுத்தால் ஏழரை. அதற்கு மேல் போனால் கீபோர்டு பின்னால் வழுக்கும், சாவியெழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. ரப்பரின் கனத்தையும் உயரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரகங்கள். மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் ரகம் வாடகை இடத்துக்கும், கடப்பா, கிரானைட் போட்ட கவுண்டருக்கும் ஏற்றது. துளையே வேண்டாம். ஆனால் மேசையின் முன்பக்கம் பலகைக்கு அடியில் குறுக்குச்சட்டம் ஓடினால் கிளாம்பு உட்காராது. நம் ஆசாரிமார் செய்யும் வேம்பு, பூவரசு மேசைகளில் இந்தச் சட்டம் கட்டாயம் இருக்கும். கண்ணாடி மேசையில் கிளாம்பை நினைக்கவே வேண்டாம். இந்த ரகத்தில் முதலில் போவது கிளாம்பின் திருகு மரை. பொருத்தும்போதே மரை முழுக்கக் கிரீஸ் தடவி வைத்தால் பிறகு கழற்ற வரும். தடவாமல் விட்டதை இரண்டாம் ஆண்டு கழற்றுகிறவர் ரம்பத்தோடுதான் உட்கார வேண்டும்.

மேசை அடியில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு கை ட்ரேயைத் தாங்குவது கை ரகம். உடம்புக்கு ஏற்றபடி வேலையிடத்தை அமைக்கச் சொல்லும் பணிச்சூழலியல் புத்தகத்துக்கு மிகவும் பொருந்தியது இதுதான். உயரம் ஏறும் இறங்கும், சரிவு இரண்டு பக்கமும் கிடைக்கும், பக்கவாட்டிலும் திரும்பும். ஒரே மேசையில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் உட்காரும் இடத்துக்கு இதற்கு மாற்று இல்லை. தண்டவாளம் பொதுவாக 17 அல்லது 22 அங்குலம் இருக்கும். அத்தனை நீளத்துக்கு மேசை அடியில் குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது. இதில் இரண்டு விதம். முன்விளிம்பைத் தூக்கினால் விடுபட்டு, விட்டால் பிடித்துக்கொள்வது ஒன்று. பக்கத்தில் குமிழைத் திருகி இறுக்குவது இன்னொன்று. கடலோரத்துக்குக் குமிழ் விதமே நல்லது. தூக்கிப் பூட்டும் விதத்தில் உயரத்தை நிறுத்தி வைப்பது உராய்வு. அந்தத் தட்டுகளில் துரு ஏறினால் முதலில் கரகரப்பு, அடுத்து பிடிப்பு ஒரே இடத்தில் இறுகிவிடும். சத்தம் வருகிறதே என்று எண்ணெய் விட்டால் பிடிப்பே போய்விடும், உள்ளங்கையை வைத்ததும் ட்ரே மெல்ல இறங்கும். ஒருமுறை எண்ணெய் குடித்த தட்டை முழுக்கப் பிரித்துத் துடைக்காமல் சரி செய்ய முடியாது, பலவற்றில் பிரிக்கவே வழி வைத்திருக்க மாட்டார்கள். குமிழ் விதத்தைக் கழற்றலாம், துடைக்கலாம், நட்டை மாற்றலாம். ராமநாதபுரம் டவுன், பரமக்குடி என்று உள்ளே தள்ளி இருப்பவர்கள் எதை வாங்கினாலும் பெரிதாகக் குறை வராது. அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள் யோசித்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு பக்கமும் பால் பேரிங் சேனல் வைத்து இழுப்பறை போல ஓடும் ட்ரே. ஒருவர் மட்டும் உட்காரும் மேசைக்கு எங்கள் தேர்வு இதுதான். உயரத்தை மாற்ற முடியாது என்பது குறைதான். அதனால்தான் முதலில் அளக்கச் சொன்னது. ஒருமுறை சரியாக அளந்து பொருத்திவிட்டால் தினமும் மாற்ற வேண்டிய தேவையே வராது. கெட்டுப்போவதும் ஒரே ஒரு உறுப்புதான், அதுவும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற உறுப்பு.

அந்த உறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சேனல் என்பது ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூன்று தகடு, இடையில் கூட்டில் வரிசையாக உட்கார்ந்த எஃகுக் குண்டுகள். சாதாரணமாகக் கிடைப்பது எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய துத்தநாக முலாம் பூசியது. 45 மி.மீ. உயரம், நீளம் 10, 12, 14 அங்குலம் என்று போகும். புதிதில் ஒரே விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் கடைசி வரை போகும். சில மாதம் கழித்து வெளித்தகட்டின் உள்மடிப்பில் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாவு போல ஒட்டும். உப்பு என்று நினைத்துத் துடைத்துவிடுவோம். உப்பும் அதில் இருக்கும், ஆனால் பெரும்பகுதி கரைந்துபோன துத்தநாகம். அந்த வெள்ளை இருக்கும் வரை எஃகு பிழைத்திருக்கிறது என்று பொருள். அது தீர்ந்த இடத்தில் பழுப்புப் புள்ளி வரும். முதல் புள்ளி வருவது வெளியே தெரியும் இடத்தில் இல்லை, குண்டுகள் ஓடும் தடத்தில்தான். தினமும் குண்டு உருண்டு முலாமைத் தேய்த்த இடம் அது. அதனால் வெளியே பளபளவென்று இருக்கும் சேனல் உள்ளே கரகரக்கும். அந்தக் கட்டத்தில் பலமாக இழுத்தால் குண்டுக்கூடு நெளியும். இரண்டு மூன்று குண்டு தரையில் விழுந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

உப்புக்காற்று ஏன் இத்தனை கெடுதல் செய்கிறது என்றால், கடல் உப்பு காய்வதே இல்லை. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீர் இழுத்துக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீர் இழுத்துக்கொள்ளும். அத்தனை வறண்ட காற்று நம் கரையில் எந்த மாதத்திலும் நிலைத்திருப்பதில்லை. ஆக, உள்ளே படிந்த உப்புத்தூள் இரவும் பகலும் ஈரமாகவே இருந்து உலோகத்தைத் தின்கிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்கிறோமே அது, உலோகத்தைத் திறந்தவெளியில் வைத்துத் துருவை ஆராய மண்டபத்தைத் தேர்ந்தது சும்மா இல்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்ததில் துருவுக்கும் பங்குண்டு. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலத்துக்கு அத்தனை காவல் வேண்டியிருக்கிற ஊரில், சில மைக்ரான் முலாம் பூசிய சேனல் தானாகத் தாக்குப்பிடிக்கும் என்று விட்டுவிட முடியாது.

அப்படியானால் எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகுச் சேனல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் எந்த எஸ்எஸ் என்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. கடையில் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, பன்னெண்டு இன்ச் சேனல் ஒரு ஜோடி, எஸ்எஸ்ல வேணும்."

"இதான் தம்பி எஸ்எஸ். காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாது."

காந்தம் ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. 202-ல் நிக்கல் குறைவு, அந்த இடத்தை மாங்கனீசு நிரப்புகிறது. கடலோரத்தில் அது தேநீர்க் கறை போலப் பழுப்பாகி, பிறகு குழி விழும். வளைத்த மடிப்புகளில் 304-லும் காந்தம் லேசாக இழுக்கும் என்பதால் அதை வைத்து நல்லதைக் கழித்துவிடவும் கூடாது. பாத்திர வியாபாரிகள், கைப்பிடிக் கம்பி செய்யும் பட்டறைக்காரர்கள் ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள். உலோகத்தில் ஒரு துளி விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால், மாங்கனீசு அதிகமுள்ள 202 சிவந்து காட்டும். ஒரு ஜோடியை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவது நல்லது. 316 ரகத்தில் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்வதால் கடலுக்கு அதுவே உயர்ந்தது. ஆனால் அதில் சேனல் கிடைப்பது அரிது. 304 கிடைத்தால் போதும் என்பதே எங்கள் முடிவு. எஸ்எஸ் சேனலிலும் உள்ளே இருக்கும் குண்டு எஸ்எஸ்தானா என்று கேளுங்கள். வெளித்தகடு எஸ்எஸ், குண்டு சாதாரண எஃகு என்று வந்தால் காசு வீண்.

திருகாணியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். எஸ்எஸ் சேனலுக்கு முலாம் பூசிய சாதாரணத் திருகாணி போட்டால் திருகாணி வேகமாக அரிக்கும். பெரிய எஸ்எஸ் பரப்பு, சின்னத் திருகாணி, நடுவில் உப்புநீர். அரிப்பு முழுவதும் அந்தச் சின்னத் துண்டின் மேல் இறங்கும். தலை அப்படியே இருக்கும், கழுத்து மெலிந்து ஒருநாள் இழுக்கும்போது அறுந்து வரும். ஆகவே எஸ்எஸ் சேனலுக்கு எஸ்எஸ் திருகாணியே போடுங்கள். கை ரகத்தின் தண்டவாளம் அலுமினியமாக இருந்தால் எஸ்எஸ் திருகாணியின் அடியில் நைலான் வாஷர் கொடுங்கள், இல்லாவிட்டால் திருகாணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து துளை பெரிதாகிவிடும்.

பலகைக்கு வருவோம். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். சன்மைக்கா ஒட்டிய முகம் கெடாது, ஆனால் திருகாணித் துளை வழியே ஈரம் ஏறி அந்த இடம் ரொட்டி போல உப்பும். உப்பிய பிறகு திருகாணி கையால் உருவ வரும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் 12 மி.மீ. எடுங்கள். ஐஎஸ் 303 முத்திரையில் வருவதில் ஈரம் தாங்கும் ரகமும் உண்டு, கொதிநீர் தாங்கும் ரகமும் உண்டு. இரண்டாவது பரவாயில்லை. நான்கு விளிம்பையும் துளைகளின் உள்பக்கத்தையும் சீலர் தடவி அடைக்க வேண்டும். 68 செ.மீ. அகலத்தில் 12 மி.மீ. பலகை நடுவில் லேசாகத் துள்ளும். பின்விளிம்பில் ஓர் அங்குல அலுமினிய ஆங்கிள் ஒன்றைக் குறுக்கே அடித்தால் துள்ளல் நிற்கும். முன்விளிம்பில் ஆங்கிள் வேண்டாம், மணிக்கட்டில் வெட்டும்.

ஆசாரியிடம் வேலையை ஒப்படைக்கும்போது மூன்று அளவைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ட்ரேயின் ஆழம் 30 செ.மீ., அதற்கு 12 அங்குலச் சேனல். சேனலைத் தாங்க ட்ரேயின் இரண்டு பக்கமும் ஐந்து செ.மீ. உயரச் சட்டம் வேண்டும், அது பலகைக்கு மேல்நோக்கி நிற்க வேண்டும். வழக்கமான இழுப்பறை செய்த கைப்பழக்கத்தில் சிலர் பலகையைச் சட்டத்தின் நடுவில் கோப்பார்கள், தொங்கும் பகுதி தொடையில் இடிக்கும். அடுத்தது பக்க இடைவெளி. சேனலின் கனம் பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஆக, ட்ரேயின் வெளி அகலத்தோடு 26 மி.மீ. கூட்டியதுதான், மேசை அடியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கிச் சேனலைத் தாங்கும் தொங்கு பலகைகளுக்கு இடைப்பட்ட உள் அகலம். 68 செ.மீ. உள்ளிடம், இரண்டு பக்கச் சட்டத்துக்கு 2.4, அதோடு 2.6, மொத்தம் 73 செ.மீ. இதில் இரண்டு மி.மீ. குறைந்தால் சேனல் பிதுங்கி இறுகும். மூன்று மி.மீ. கூடினால் தகடு வெளிப்பக்கம் இழுபட்டு, குண்டு தடத்தை விட்டு நழுவும். தொங்கு பலகை 18 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். மேசை அடிப்பாகத்திலிருந்து ட்ரேயின் மேல்பரப்பு எவ்வளவு இறங்க வேண்டும் என்பது உங்கள் முழங்கை அளவிலிருந்து வரும் எண். நம் உதாரணத்தில் 73.2 கழித்தல் 60.5, அதாவது 12.7 செ.மீ.

தொங்கு பலகையை மேசையில் மாட்டுவதற்கு எல் ஆங்கிள், பக்கத்துக்கு மூன்று. 18 மி.மீ. மேசைப் பலகைக்கு ஐந்து நூல் திருகாணி, அதாவது 16 மி.மீ. ஆறு நூல் போட்டால் மேலே மூக்கு நீட்டும். இரண்டரை மி.மீ. பிட்டில் வழித்துளை போட்டு, பிட்டில் 14 மி.மீ.யில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. சேனலை முதலில் நீள்துளையில் மட்டும் இறுக்கி, ட்ரேயை ஐந்தாறு முறை இழுத்துத் தள்ளி, இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வட்டத்துளையில் திருகாணி போட வேண்டும். அவசரப்பட்டு எல்லாத் துளையிலும் அடித்துவிட்டால் பிறகு சரிசெய்ய இடம் இருக்காது.

கை ரகத்தைப் பொருத்துகிறவர்கள் முன்பக்கத் திருகாணி இரண்டையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ட்ரேயை முழுக்க வெளியே இழுத்து உள்ளங்கையை ஊன்றும்போது தண்டவாளத்தின் முன்முனை கீழே இழுபடுகிறது, பின்முனை மேலே தள்ளப்படுகிறது. 10 செ.மீ. நீளப் பிடிப்பிலிருந்து 30 செ.மீ. முன்னால் 6 கிலோ அழுத்தினால் முன்திருகாணியில் 24 கிலோ இழுப்பு வரும். இது தினமும் நூறு தடவை நடக்கும். முன்பக்கம் இரண்டுக்கும் மேசை மேலிருந்து தலை புதைந்த எம்6 எஸ்எஸ் போல்ட்டை ஊடுருவ விட்டு, அடியில் அகல வாஷரும், தானாகத் தளராத நைலாக் நட்டும் போடுங்கள். மேசை மேல் இரண்டு புள்ளி தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ட்ரே மாட்டிய பிறகு ஆள் ஓரடி பின்னால் தள்ளிப் போகிறார். மானிட்டரையும் அதே அளவு முன்னால் கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் கண்ணுக்கு எட்டாமல் கழுத்தை நீட்டுவார்கள். கீபோர்டு வயரில் ட்ரே ஓடும் தூரத்துக்கு ஒரு சுற்று தளர்வு விட்டு, மேசைக்கு அடியில் கிளிப் போடுங்கள். சேனலுக்குள் சிக்கினால் முதலில் அறுபடுவது வயர்தான்.

பராமரிப்பில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்: உப்பு நீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. துடைக்காமல் எண்ணெய் அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடுகிறோம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சேனலை முழுக்க இழுத்துத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ட்ரேயைக் கழற்ற வேண்டும். சேனலின் உள்ளே கறுப்பு நெம்பு இருக்கும். பொதுவாக ஒரு பக்கத்தை மேலேயும் மறுபக்கத்தைக் கீழேயும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ட்ரே தனியாக வந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடத்தில் இருக்கும் மணலையும் பழைய கிரீஸையும் எடுத்து, ஈரத்துணி, பிறகு அரை மணி நேரம் வெயில். அதன்பின் புதுக் கிரீஸ், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மெல்லிசாக. படகு எஞ்சின் சாமான் விற்கும் கடைகளில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் கிடைக்கும், அதைவிட நல்லது எதுவும் தேவையில்லை. அப்பிவைத்தால் மணலைப் பிடித்து அரைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். இறுகியதை விடுவிக்க ஸ்ப்ரே எண்ணெய் உதவும், ஆனால் அது இருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். அடித்தால் துடைத்துவிட்டுக் கிரீஸ் தடவியே ஆக வேண்டும்.

எந்த மாதத்தில் கழற்றுவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடகடலைப் பார்த்த அறைக்கு ஐப்பசியிலிருந்து தை வரை வாடை அடிக்கும். அது தொடங்கும் முன் ஒருமுறை, ஓய்ந்ததும் ஒருமுறை. தென்கடலைப் பார்த்த அறைக்கு வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கிற காற்றுதான் எதிரி, மணலையும் சேர்த்துக் கொண்டுவரும். பாம்பன், தங்கச்சிமடம் போல இரண்டு கடலும் பக்கத்தில் இருந்தால் இரண்டு கணக்கையும் பார்க்க வேண்டியதுதான். மேசையை ஜன்னலுக்கு நேராகப் போடாமல் காற்று நேரடியாகப் படாத சுவர் ஓரம் நகர்த்தினால், மேலே சொன்ன வேலை எல்லாவற்றிலும் பாதி குறையும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் முலாம் பூசிய சேனலே இரண்டு மூன்று ஆண்டு சிக்காமல் ஓடும், கவனிக்காமல் விட்டால் ஒரே வாடையில் கரகரக்கத் தொடங்கும். 304 ரகம் ஐந்தாம் ஆண்டிலும் ஒரு விரலுக்கு நகர்கிறது, மடிப்புகளில் லேசான பழுப்புக் கறை மட்டும் உண்டு. பலகையும் தொங்கு பலகையும் எந்தத் தொந்தரவும் தரவில்லை. விரல் மரத்துப்போவது, இரவில் கை கடுப்பது மாதிரி இருப்பவர்கள் ட்ரே வாங்கிவிட்டோம் என்று இருந்துவிடாமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வாங்கும்போதே அதே மாடலில் இன்னொரு ஜோடிச் சேனலும் வாங்கி, கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிடுங்கள். துளைகளின் இடைவெளி ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு. நான்கு ஆண்டு கழித்து அதே மாடல் கடையில் இருக்காது. வேறு மாடல் வாங்கினால் பழைய துளைக்கு அரை செ.மீ. தள்ளிப் புதுத் துளை விழும், இரண்டும் சேர்ந்து ஒரே ஓட்டையாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் பழைய துளையில் மூங்கில் குச்சியைப் பசை தடவி அடித்து, ஒருநாள் காயவிட்டு, விளிம்போடு அறுத்துவிட்டுத்தான் புதிதாகத் துளை போட வேண்டும்.